சோப்பு டப்பாவுக்குப் பச்சை ஸ்டிக்கர்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, அண்ணியின் இருமல் விட்டதா, உனக்குப் புதிதாக ஏதாவது வியாதி வந்திருக்கிறதா என்று எழுது. போனில் பேசினால் நாம் இரண்டாவது நிமிடமே சண்டை போடுகிறோம், எழுதினால் தபால் பெட்டிக்கு நடந்து போவதற்குள் கோபம் ஆறிவிடும் என்று அம்மா போட்ட சட்டத்தை மதித்து எழுதுகிறேன். இந்த விஷயத்தைப் போனில் சொல்லியிருந்தால் நீ முதல் நிமிடத்திலேயே ஆரம்பித்திருப்பாய்.

நான் ஒரு கார் வாங்கிவிட்டேன்.

பழைய கார். இரண்டே இருக்கை. துணிக் கூரை, அதையும் மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டால் மேலே வானம்தான். ரோட்ஸ்டர் என்று சொல்வார்கள். விற்றவர் ஒரு பாட்டு வாத்தியார். வண்டி தரையோடு தரையாக இருக்கும், அவருக்கோ முதுகுவலி. "உக்கார முடியுதுங்க, எந்திரிக்கத்தான் முடியல" என்றார். நான் அவர் வீட்டு வாசலில் ஒரு சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, வண்டியின் அடிப்பக்கம் முழுக்க ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டில் ஒரு இடத்தில் ஸ்க்ரூடிரைவர் அப்படியே உள்ளே போய்விட்டது. துரு. வாத்தியார் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. பின்பக்கக் கண்ணாடி கண்ணாடியே இல்லை, மஞ்சளடித்த பிளாஸ்டிக். டிக்கியில் மழைத்தண்ணீர் தேங்கின தடம். ஆனால் எஞ்சின் ராஜா. ராத்திரி முழுக்க வெளியே கிடந்ததைக் காலையில் சாவியைத் திருகியதும் எழுப்பிவிட்டேன். புகை இல்லை, கிளட்ச் சுத்தம், மூன்றாவது கியரில் மட்டும் லேசாக ஒரு முனகல். நான் துருவைக் காட்டிப் பேரம் பேசினேன், அவர் முதுகைக் காட்டிப் பேரம் பேசினார். துரு ஜெயித்தது. அடிமாட்டு விலைக்கு வாங்கிவிட்டேன்.

உன் மாப்பிள்ளை அச்சகத்திலிருந்து வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "கூரை எங்க?" என்றார். காட்டினேன். "சரி" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். பஸ் டிப்போவில் கூட வேலை செய்கிற டிரைவர்கள் அதற்குள் 'சோப்பு டப்பா' என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

எதற்கு இந்த வேண்டாத வேலை என்பாய். ஊருக்கு வெளியே ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஓட்டலாம். போட்டி, பரிசு எதுவும் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் மட்டும் பயிற்சியாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். அவருக்குத் திருப்தியானால் முன் கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார், அதற்கப்புறம் தனியாக ஓட்டலாம். இத்தனை வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறவள் நான். முதல் ஞாயிற்றுக்கிழமையே ஸ்டிக்கரோடு வந்துவிடுவேன்.

வண்டி என்றாலே உனக்கு வயிற்றைப் புரட்டும் என்று தெரியும். உன்னை ஏறச் சொல்லவில்லை, பயப்படாதே. அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கை


ஜனவரி 21

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் ஆசிகளுடன். நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறது, டிவி பார்த்தால் வலிப்பதில்லை. அண்ணிக்கு இருமல் நின்றுவிட்டது. எனக்கு உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து தலைவலி.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். உன் கடிதத்தைப் பிரித்ததே அம்மாதான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். மனிதர்கள் ஏறுகிற ஒரு பெட்டிக்கு என்னென்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். மேலே கூரை வேண்டும், கீழே தரை வேண்டும். உன் பெட்டியில் கூரை துணி, தரை துரு. இதில் உட்கார்ந்து வேகமாக வேறு போகப் போகிறாய். குடும்பத்தோடு எங்காவது போக வேண்டுமென்றால் யாரை மடியில் வைத்துக்கொள்வாய்? பட்டப்பகலில் ஒருவன் பிளேடால் கூரையைக் கிழித்து உள்ளே கையை விட்டால் என்ன செய்வாய்? மாப்பிள்ளைக்கு அச்சகத்தில் அச்சடித்து அச்சடித்துச் சலித்துப் போயிருக்கலாம், அதனால் 'சரி' என்று தூங்கிவிட்டார். நான் சொல்ல மாட்டேன்.

அந்த டிராக்கை மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவ்வளவு தைரியம் இருந்தால் ஒரு ஒப்பந்தம் போடு. மழைக்காக மூடுவதற்குள் அந்தப் பச்சை ஸ்டிக்கர் கிடைத்தால், வண்டியைப் பற்றி நான் வாயைத் திறக்கமாட்டேன். கிடைக்கவில்லை என்றால் வண்டியை விற்றுவிட வேண்டும். சம்மதமா என்று எழுது.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

(ஓரத்தில், வேறு கையெழுத்தில்: வண்டி என்ன கலர்னு நீ எழுதலையே. – அம்மா)


பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம், சுகமறிய ஆசை. அம்மாவிடம் சொல், கலர் சிவப்பு. வெயிலில் நின்று நின்று இப்போது பழுத்த தக்காளிக்கும் பழுக்காத தக்காளிக்கும் நடுவில் இருக்கிறது.

ஒப்பந்தத்துக்குச் சம்மதம். மழைக்கு முன்னால் பச்சை வராவிட்டால் விற்றுவிடுகிறேன். வாய் தவறிச் சொன்னேன் என்று பிற்பாடு சொல்லமாட்டேன்.

முதல் ஞாயிறு போய்விட்டு வந்தேன். பச்சை வரவில்லை. சிரிக்காமல் மேலே படி.

பயிற்சியாளரை எல்லோரும் 'ஆமை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார். பேச்சு அவ்வளவு நிதானம். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து முடிப்பார். ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் ஆள் கண்ணுக்குத் தெரியமாட்டார். முதல் இரண்டு வளைவுகளில் என்னைப் பார்த்து அசந்துபோனார். வளைவுக்கு வெளிப்பக்கமாக ஒதுங்கி, அப்புறம் உள்ளே நுழைய வேண்டும், அதைச் சொல்லிக்கொடுப்பதற்கே பல பேருக்கு நாள் பிடிக்குமாம். "எங்கம்மா கத்துக்கிட்டீங்க இத?" என்று கேட்டார். "பஸ்ஸுலங்க. வெளிய ஒதுங்கலன்னா பின்சக்கரம் பிளாட்பாரத்துல ஏறிடும்" என்றேன். எனக்குத் தலை கால் புரியவில்லை.

மூன்றாவது வளைவில் மானம் போயிற்று. நீளமான நேர்பாதை, அதில் முழு வேகத்தில் வந்து, கடைசி நேரத்தில் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்து, கொக்கி மாதிரித் திரும்ப வேண்டும். "மிதிங்க" என்றார். மிதித்தேன். "மிதிங்க" என்றார். மிதித்துக்கொண்டுதான் இருந்தேன். "அம்மா, மிதிங்கம்மா" என்றார். வளைவெல்லாம் முடிந்த பிறகு நிதானமாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பின்னால யாராவது நின்னுக்கிட்டு வர்றாங்களா?" என்று கேட்டார்.

என்ன செய்யட்டும். கைப்பிடியைப் பிடிக்காமல் சில்லறை எண்ணிக்கொண்டு நிற்கிறவர்கூட அசையக்கூடாது, அப்படி நிறுத்துகிறவர்தான் எங்கள் டிப்போவில் நல்ல டிரைவர். முதலில் பிரேக்கைத் தொட்டு, மெல்ல மெல்ல ஏற்றி, நிற்பதற்கு முன்னால் காலை லேசாக விட வேண்டும். கால் தன்னால் செய்கிறது, என்னைக் கேட்பதில்லை. பின்னால் வந்த கார்கள் எல்லாம் காத்திருந்து பார்த்துவிட்டு முந்திப் போயின. ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டே போனார்.

அடுத்த மாதம் பார்.

தங்கை


மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். இங்கே எல்லோரும் நலம், உன் நலத்துக்குக் குறைவில்லை என்று கும்பிட்டவர் மூலம் தெரிந்துகொண்டோம். அம்மா அந்த இடத்தை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

வாங்குவதற்கு ஆள் பார்த்துவிட்டேன். எங்கள் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இருந்தாலும் நல்ல மனிதர். திறந்த கார் என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தினமும் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது, "என்ன சார், தங்கச்சிக்குப் பச்சை வந்துச்சா?" என்று கேட்கிறார். வரவில்லை என்றால் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்.

சும்மா பேச்சுக்காகக் கேட்கிறேன், பிரேக் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது? டயர்கள் நான்கும் ஒரே வயதா, ஆளுக்கொரு வயதா? அந்தத் துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துத்தான் வெல்டிங் செய்ய வேண்டும், மேலே பட்டி பூசி மறைத்தால் ஆறு மாதத்தில் பல்லைக் காட்டும். மூன்றாவது கியர் முனகல் எண்ணெய் மாற்றினால் போய்விடலாம். எனக்கு இதில் எந்த அக்கறையும் இல்லை.

அண்ணன்


ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். உன் மாப்பிள்ளை மட்டும் தும்மிக்கொண்டே இருக்கிறார், வெல்டிங் புகை. ஆமாம், தகட்டை வெட்டி எடுத்துப் புதுசு வைத்துவிட்டோம். வெல்டிங்காரர் வேலை செய்ய, இவர் அவருக்கு டார்ச் பிடித்தார். கியர் எண்ணெய் மாற்றினேன், முனகல் போயிற்று. உனக்குத்தான் இதில் அக்கறை இல்லையே, அதனால் நன்றி சொல்லவில்லை.

மார்ச் ஞாயிறும் பச்சை இல்லை. ஏப்ரல் ஞாயிறும் இல்லை.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை, அண்ணா. டிப்போவுக்குப் பின்னால் ஒரு பொட்டல் இருக்கிறது, ஓடாத பஸ்களை நிறுத்துகிற இடம். வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டு சனிக்கிழமை காலையில் வண்டியை அங்கே கொண்டுபோகிறேன். வேகமாக வந்து சுண்ணாம்புக் கோட்டில் பிரேக் போடுவேன். டயர் கீச்சென்று கத்தும், சீட் பெல்ட் தோளை அறுக்கும், வண்டி ஆணி அடித்த மாதிரி நிற்கும். அதே கால், அதே பிரேக். டிராக்குக்குப் போய் ஆமை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் பழையபடி டவுன் பஸ். ஏப்ரலில் அவர், "பரவால்லம்மா, சில பேருக்கு வராது" என்றார். அவர் அந்த வாக்கியத்தை நடுவில் டீ குடிக்காமல் ஒரே மூச்சில் முடித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கூரையைத் திறக்காமலே வந்தேன்.

இன்னும் மே, ஜூன், அவ்வளவுதான். அப்புறம் மூடிவிடுவார்கள். கண்ணாடிக் கடைக்காரரிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல்.

தங்கை


மே 28

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். பதில் தாமதமானதற்குக் காரணம் ஆஸ்பத்திரி லிஃப்ட், அது வாரம் ஒருமுறை என் உயிரை வாங்குகிறது. அம்மா நலம். அண்ணி நலம். நானும் நலம், கழுத்தில் மட்டும் வெயில் பட்டுத் தோல் உரிந்திருக்கிறது.

மே மாதமும் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருப்பாய். வருத்தப்படாதே. முதல் இரண்டு வளைவுகளில் மற்ற எல்லோரையும்விட நீதான் அழகாகத் திரும்புகிறாய். மூன்றாவது வளைவுக்கு நூறு மீட்டர் என்று எழுதி நட்டிருக்கிற பலகைக்கு முன்னாலேயே பிரேக்கில் காலை வைத்துவிடுகிறாய், அதுதான் கோளாறு. நான்காவது சுற்றில் ஒருமுறை சரியாக மிதிக்கப் பார்த்தாய், ஆனால் உடனே தளர்த்திவிட்டாய். ஹெல்மெட்டில் அந்த மஞ்சள் பட்டை எதற்கு? நன்றாகவே இல்லை.

கண்ணாடிக் கடைக்காரர் கேட்டார். ஜூன் வரைக்கும் பொறுங்கள் என்றேன்.

அண்ணன்


ஜூன் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம்தானே. மே ஞாயிறு என்ன நடந்தது என்று நான் உனக்கு எழுதவே இல்லை. சரி, அதை விடு. ஒரு பொதுவான தகவல்: அந்த டிராக்கில் கிழக்குப் பக்க வேலி ஓரம் நிழலே கிடையாது. மேற்கே மரம் உண்டு, கேன்டீனும் உண்டு. ரயிலில் வந்து இறங்கி வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து வருகிற யாராவது உனக்குத் தெரிந்தால் சொல்லிவை. ஒரு தொப்பியும் போட்டுக்கொள்ளச் சொல்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்து என்ன பிரயோஜனம் என்றுதான் தெரியவில்லை. போன சனிக்கிழமை என் பஸ்ஸில் வருகிற கண்டக்டர் பொண்ணு, "அக்கா, எனக்கும் ஒரு ரவுண்டு" என்று ஏறிக்கொண்டாள். அதே பொட்டல், அதே கோடு. வேகமாக வந்தேன், பிரேக்கைத் தொட்டேன், மெல்ல ஏற்றினேன், லேசாக விட்டேன். கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய்ப் பூ மாதிரி நின்றது. அவள், "நம்ம பஸ் மாதிரியே இருக்குக்கா" என்றாள். அவளை இறக்கிவிட்டுத் தனியாக வந்தேன், கோட்டிலேயே நின்றது. மறுபடி ஏற்றினேன், மறுபடி பஸ்.

புரிகிறதா? பக்கத்தில் ஒரு உயிர் உட்கார்ந்திருந்தால் என் கால் பிரேக்கை மிதிக்காது. பச்சை கிடைத்தால்தான் ஆமை இறங்குவார். ஆமை இறங்கினால்தான் எனக்குப் பச்சை கிடைக்கும். எங்கே போய் முட்டிக்கொள்வது?

அவரிடமே கேட்டேன். நீங்கள் வளைவில் நின்று பாருங்கள், நான் தனியாக ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். "ரூல்ஸும்மா, மாத்த முடியாது" என்றார்.

அண்ணா, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. எனக்கு இந்த வண்டியை விற்க மனசில்லை. ஒப்பந்தம் போட்டது நான்தான், மீறமாட்டேன், ஆனால் மனசில்லை. பஸ்ஸில் நான் எங்கே நிற்க வேண்டும் என்று மணி அடித்துச் சொல்கிறார்கள், எப்போது கிளம்ப வேண்டும் என்று விசில் ஊதிச் சொல்கிறார்கள், எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று போர்டு மாட்டி அனுப்புகிறார்கள். குறை சொல்லவில்லை, அது என் சோறு, அதில் எனக்குக் கர்வமும் உண்டு. ஆனால் வாரம் முழுக்க ஊரை ஏற்றி இறக்கிவிட்டு, ஞாயிறு காலையில் கூரையைத் திறந்து இந்த ஓட்டை டப்பாவில் உட்காரும்போதுதான் நான் எனக்காக ஓட்டுகிறேன். ஒரே ஒரு தடவை, பக்கத்தில் யாரும் இல்லாமல், அந்த நேர்பாதையில் முழு வேகத்தில் வந்து பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் கண்ணாடிக் கடைக்காரரிடம் சாவியைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாலே சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறேன்.

அவர் நல்ல மனிதர் என்றாயே. நன்றாக வைத்துக்கொள்வாரா?

தங்கை


ஜூன் 9

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். எல்லோரும் நலம். உடனே எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு. புது லிஃப்ட் மாட்டினால், கயிறு அறுந்தால் தானாகப் பிடிக்கிற பிரேக் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். மனிதர்களை வைத்துச் செய்ய முடியுமா? அவர்கள் எடைக்கு இரும்புக் கட்டிகளை ஏற்றி, வேண்டுமென்றே கீழே விடுவோம். பிரேக் கடிக்கிற சத்தத்தில் கட்டடமே அதிரும். முதல் தடவை என்னால் நெம்புகோலை இழுக்க முடியவில்லை. உள்ளே யாரோ நிற்கிற மாதிரியே இருந்தது. எங்கள் மேஸ்திரி என் பக்கத்தில் வந்து, "உள்ள இருக்கிறது இரும்புடா. அதுக்கு வலிக்காது, இழு" என்றார். இழுத்தேன். அதற்கப்புறம் மனிதர்கள் இருந்தாலும் அந்தப் பிரேக் பிடிக்கும் என்ற நம்பிக்கை என் கைக்கு வந்துவிட்டது.

உனக்கும் அதுதான் வேண்டும். பக்கத்துச் சீட்டில் எடை இருக்க வேண்டும், ஆனால் அந்த எடையின் மேல் உனக்கு இரக்கமே இருக்கக்கூடாது. மாப்பிள்ளை சரிப்படமாட்டார், அவர் மேல் உனக்குப் பாசம். நீ யோசித்துப் பார்த்தால், எத்தனை தடவை தள்ளிவிட்டாலும், கடித்தாலும், கிள்ளினாலும் இரக்கமே வராத ஒரு ஆள் உன் வாழ்க்கையில் ஒருவன்தான்.

ஜூன் ஞாயிறுக்கு முந்தின நாள் காலை ரயிலில் வருகிறேன். அன்று மாலையே திரும்ப வேண்டும், ஞாயிறு எனக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட் டூட்டி. காலையில் எனக்காக எதுவும் சமைக்க வேண்டாம். முதல் நாளும் நான் பெரிதாக எதுவும் சாப்பிடப் போவதில்லை.

அண்ணன்

(ஓரத்தில்: அவனுக்குச் சின்ன வயசிலயே வண்டி ஒத்துக்காது, நினைவு வச்சுக்கோ. பிளாஸ்டிக் பை நாலைஞ்சு வண்டியில போட்டு வை. நல்லா மிதி. – அம்மா)


ஜூன் 25

என் அன்பு அண்ணனுக்கு,

நீ சுகமா? உண்மையாகவே கேட்கிறேன். ரயில் ஏறும்போது உன் முகம் வெள்ளரிக்காய் மாதிரி இருந்தது.

சனிக்கிழமை பொட்டலில் நடந்ததை நீ கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் நானே எழுதிவைக்கிறேன். முதல் தடவை நான் பூப்போல நிறுத்தினேன். நீ, "இதுக்கா நான் பட்டினி கிடந்து வந்தேன்" என்றாய். இரண்டாம் தடவையும் பூப்போல. "சின்ன வயசுல என் சைக்கிளைத் தள்ளிவிட்டப்ப இருந்த தைரியம் எங்க போச்சு" என்றாய். மூன்றாம் தடவை, "பஸ் டிரைவர்னா சும்மாவா, ஓட்டத் தெரியாதவங்களுக்குத்தான் பஸ்ஸைக் குடுப்பாங்க" என்றாய். அதற்குமேல் எனக்கு நினைவில்லை. கால் தரையைத் தொட்டது. டயர் கத்தியது. நீ டேஷ்போர்டுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினாய். வண்டி கோட்டில் நின்றது.

நீ கதவைத் திறந்து இறங்கி, ஓடாத பஸ் ஒன்றின் பின்னால் போய், வெகுநேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாய். போதும் அண்ணா என்று சொல்ல வாயெடுத்தேன். "இன்னொரு தடவை" என்று ஏறி உட்கார்ந்தாய். எத்தனை தடவை அப்படி இறங்கி ஏறினாய் என்று நான் எழுதமாட்டேன், அண்ணி படிப்பார். வாட்ச்மேன் என்னிடம் தனியாக வந்து, "அந்த சார் உங்களுக்கு ஏதாவது கெடுதல் பண்ணினாரா?" என்று கேட்டார்.

ஞாயிறு. கடைசி ஞாயிறு. காலையிலிருந்தே மேகம் கறுத்துக் கிடந்தது. மழை விழுந்தால் அந்த நிமிடமே மூடிவிடுவோம், அப்புறம் மழைக்காலம் முடிந்த பிறகுதான் திறப்போம் என்று அறிவித்தார்கள். ஆமை வந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். மாட்டின சத்தம் கேட்டதுமே என் கால் சுகமாகப் பஸ் டிரைவர் ஆகிவிட்டது. முதல் சுற்றில் பலகைக்கு முன்னாலேயே தொட்டுவிட்டேன். இரண்டாம் சுற்றிலும் அதேதான். கண்ணாடிக் கடைக்காரர் இதில் உட்கார்ந்து போகிற காட்சி கண் முன்னால் வந்தது. அழுகை வந்தது, ஹெல்மெட்டுக்குள் துடைக்கவும் வழியில்லை.

மூன்றாம் சுற்று, நேர்பாதை. முழு வேகம். பலகை வருகிறது. கால் தொடப் போகிறது. பக்கத்தில் இருப்பது நீ என்று நினைத்தேன். வெள்ளரிக்காய் முகமும், கையில் பிளாஸ்டிக் பையும், வாயில் கேலியுமாக நீ. பலகை தாண்டியது. "போடா வெங்காயம்" என்று கத்திக்கொண்டே மிதித்தேன்.

வண்டி மூக்கைத் தரையில் வைத்து அப்படியே வேகத்தை விழுங்கியது. கொக்கி வளைவில் வழுக்கிக்கொண்டு திரும்பி வெளியே வந்தோம். எனக்கு முன்னால் போன கார் பக்கத்தில் வந்துவிட்டது. அது வழிவிட்டது. அண்ணா, எனக்கு வழிவிட்டது. அடுத்த சுற்றிலும் மிதித்தேன், அதற்கடுத்த சுற்றிலும் மிதித்தேன், கத்தாமலே மிதித்தேன். ஆமை என்ற மனிதர் ஒருவர் பக்கத்தில் இருப்பதே மறந்துபோயிற்று.

உள்ளே வந்து நிறுத்தினதும் அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "என்னை யாரும்..." என்று ஆரம்பித்தார். இறங்கினார். பெட்டியைத் திறந்தார். ஸ்டிக்கரை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டி, உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்தார். "...வெங்காயம்னு சொன்னதில்லம்மா" என்று முடித்தார். அப்புறம், "மழை வர்றதுக்குள்ள போங்க" என்றார்.

போனேன். தனியாகப் போனேன். பக்கத்து இருக்கையில் என் கைப்பைகூட இல்லை. கூரை திறந்திருந்தது, மேலே கறுப்பு மேகம், முன்னால் வெறும் பாதை. எப்படி இருந்தது என்று எழுதலாம் என்று மூன்று நாளாக உட்கார்ந்து பார்க்கிறேன், எழுத வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நான்காவது சுற்றில் தூறல் விழுந்து கொடி காட்டிவிட்டார்கள். உள்ளே வந்தபோது மற்ற வண்டிக்காரர்கள் வரிசையாக நின்று கைதட்டினார்கள். உன் மாப்பிள்ளை ஓடிவந்து முதல் வேலையாக மடக்கிவைத்த கூரையைத் தேடினார், நனைந்துவிடுமாம்.

நீ இல்லாமல் இது நடந்திருக்காது. இதை இன்னொரு தடவை சொல்லமாட்டேன், அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

உன் தங்கை


ஜூலை 5

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். நாங்கள் அனைவரும் மிக நலம். உன் கடிதத்தை அம்மாவே எடுத்து வைத்துக்கொண்டார், எனக்குப் படிக்கக் கொடுத்தது மறுநாள்தான். என் கண் திறந்தேதான் இருந்தது. வெள்ளரிக்காய் என்பதெல்லாம் உன் கற்பனை.

கடிதம் வருவதற்கு முன்னால் நான் இருந்த இருப்பைச் சொன்னால் சிரிப்பாய். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி லிஃப்டை இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்திவைத்துவிட்டு, அதன் மேல் உட்கார்ந்து மேலே வானம் தெரிகிற இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் வந்தபோது ஸ்பேனரைத் தப்பான நட்டில் மாட்டித் திருகினேன். உதவியாளர், "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். என் தங்கச்சிக்கு இன்னிக்குப் பரீட்சை என்றேன். எந்த வகுப்பு என்று கேட்டார்.

கண்ணாடிக் கடைக்காரரிடம் சொல்ல வேண்டிய கடமை இருந்தது. மாலையில் கடைக்குப் போனேன். பச்சை வந்துவிட்டது, வண்டி விற்பனைக்கு இல்லை என்று இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டு வரத்தான் போனேன். என்ன ஆயிற்றோ, உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடிப் பெட்டிகளை மேஜைமேல் அடுக்கி, இது நேர்பாதை, இது பலகை, இது கொக்கி வளைவு, இங்கேதான் எல்லோரும் பயந்து பிரேக் போடுவார்கள், என் தங்கை இந்த இடம் வரைக்கும் வந்துதான் மிதிப்பாள் என்று காட்டினேன். கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் இரண்டு பேர் கண்ணில் மருந்தோடு அப்படியே உட்கார்ந்து கேட்டார்கள். உங்கள் தங்கையா இவ்வளவும் என்று ஒருவர் கேட்டார். ஆமாம், என் கூடப் பிறந்தவள்தான் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

கடைக்காரருக்கு ஏமாற்றம்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரி சார், வாங்கத்தான் குடுப்பினை இல்ல. மழை முடிஞ்சு டிராக் திறந்ததும், தங்கச்சிகிட்ட சொல்லி அந்தப் பக்கத்துச் சீட்டுல என்னை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகச் சொல்லுங்களேன்" என்று கேட்டார்.

நல்ல மனிதர்தான், ஆனாலும் சட்டென்று கோபம் வந்துவிட்டது.

"அது எப்படிங்க முடியும், அந்தச் சீட்டு என்னுது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அண்ணன்